வியாழக்கிழமை ஊசி

12 ஜனவரி 2026, திங்கள்

இன்று எழுந்ததும் முதல் வேலையாக என் குறட்டையைக் கேட்டேன். பல்கூடத் தேய்க்கவில்லை. என் கணவர் எட்வர்ட், ராத்திரி பதிவு செய்த போனை நீட்டி, "நீயே கேளு. நான் சொன்னா நம்ப மாட்ட," என்றார்.

மிக்சியில் வரமிளகாயைப் போட்டு ஓட்டியது போல ஒரு சத்தம். சிரித்துவிட்டேன். பிறகு சத்தம் நின்றது. ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. லேபில் டைமர் பிடித்துப் பழகியவள் அல்லவா, தானாக எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை போயிற்று. அதற்கப்புறம், கிணற்றில் முங்கி மேலே வந்தவள் போல ஒரு மூச்சு. அது நான்தான்.

"எத்தினி வாட்டி இப்டி ஆவுது?"

"யாரு எண்ணிக்கினு இருந்தா? நின்னுச்சுன்னா தோளத் தட்டுவேன். மூச்சு வந்ததும் படுத்துக்குவேன்."

எத்தனை மாதமாக என்று கேட்டேன். டீ போடப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் தூங்கி விழுகிறார் என்று இவரைத்தானே எல்லார் எதிரிலும் திட்டினேன்?

20 ஜனவரி, செவ்வாய்

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். செவ்வாய்தோறும் சர்க்கரை நோய் நிபுணர் ஒருவர் வருகிறார், டாக்டர் காயத்ரி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். எடை 96.4. சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் பாதத்தை எடுத்தார்கள். அடுத்த வருஷம் அவளே இல்லை. எனக்கு இப்போது நாற்பத்துநான்கு.

தூக்கத்தில் மூச்சு நிற்பதைச் சோதிக்க ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எடை குறைந்தால் அதுவும் பெருமளவு குறையும் என்றார். நான் வழக்கம்போல, "நான் வாயக் கட்டறேன் டாக்டர்," என்றேன்.

"எத்தனை வருஷமா கட்டறீங்க?"

இருபது வருஷம். சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. மூன்று ஊசி மருந்துகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று தினமும் போடுவது. மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒருமுறை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, எனக்குக் கணையம் வீங்கியதுண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எதுவும் இல்லை. மூன்றின் விவரத் தாள்களையும் கேட்டேன்.

"லேப்ல வேலையா?"

"பெயிண்ட் கம்பெனி. தரக்கட்டுப்பாடு."

"அப்ப நீங்களே ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்க. எனக்கும் ஒரு கருத்து இருக்கு. அதை அப்புறம் சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பற்றி என்னையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசிய முதல் டாக்டர்.

24 ஜனவரி, சனி

கட்டம் போட்ட தாளில் எழுதினேன். லேபில் பெயிண்டில் சேர்க்கும் ரெசின் இரண்டு கம்பெனியிலிருந்து வந்தால் ஒரே வெப்பத்தில், ஒரே குவளையில், ஒரே கையால் பார்ப்போம். அப்படி.

தினமும் போடும் லிராக்ளூடைடை முதலிலேயே அடித்துவிட்டேன். தினம் ஒரு குத்து, ஆனால் எடை குறைவது மூன்றிலும் அதில்தான் கம்மி. மிச்சம் இரண்டு. செமாக்ளூடைடு, குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்கிறது. டிர்செபடைடு இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது. இரண்டும் போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்ததில், ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில், முதலாவது போட்டவர்களுக்கு நூற்றுக்குப் பதினான்கு பங்கு எடையும் இரண்டாவது போட்டவர்களுக்கு இருபது பங்கும் குறைந்திருக்கிறது. சராசரிதான். நான் சராசரியா என்பது யாருக்குத் தெரியும்? முதலாவதற்கு அனுபவம் அதிகம், இதய நோய் உள்ளவர்களிடம் நீண்ட நாள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களிடம் வைத்துப் பார்த்தது இரண்டாவதைத்தான். குமட்டல், மலச்சிக்கல், வாந்தி இரண்டிலும் உண்டு.

கடைசிக் கட்டத்தில் 'நிறுத்தினால்?' என்று எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில். பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பி வருகிறது.

தாளை மதியம் கேன்டீனில் குணசுந்தரியிடம் காட்டினேன். டெஸ்பாட்ச் பிரிவு, ஆரம்பாக்கத்துக்காரி. அக்டோபரிலிருந்து செமாக்ளூடைடு போடுகிறாள். கம்பெனியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இன்னாமே இம்மாம் பெரிய தாளு? யாருக்கு ஜாதகம் பாக்கற?"

"ஊசிக்குத்தான்."

"வாந்தி எத்தினி நாளுன்னு ஒரு கட்டம் போட்டியா? அது இல்லாம இன்னா தாளு இது!" என்று குரலைத் தாழ்த்தினாள். "மொத மாசம் டீ வாசனையே ஆவாது. முட்ட துன்னுட்டு ஏப்பம் வுட்டன்னு வையி, பக்கத்துல இருக்கறவன் எழுந்து போயிடுவான். எங்க நைனா கேட்டாரு, அல்சருன்னு சொல்லிக்கீறேன்."

"ஏன், உண்மையச் சொன்னா இன்னா?"

"ஊசி போட்டு எளைக்கிறான்னு ஊரே பேசும். அல்சர்னா பாவம்னு மோர் குடுக்குறாங்க."

27 ஜனவரி, செவ்வாய்

டாக்டரின் கருத்தும் இரண்டாவதுதான், டிர்செபடைடு. காரணமும் நான் எழுதியதே. பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

29 ஜனவரி, வியாழன்

முதல் ஊசி. வயிற்றுத் தோலில், எறும்புக் கடி அளவு. பேனா மாதிரி இருக்கிறது, ஒரு பேனாவில் நாலு வாரத்து மருந்து. எட்வர்ட் முப்பது வருஷமாக ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறவர். இந்தக் கால் அங்குல ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்தின் விலை அவருக்குத் தெரியும். புது பைக் வாங்கும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. இன்று வண்டியைத் துடைத்துக்கொண்டே, "இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னார்.

வியாழக்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஊசி போட்ட மறுநாள்தான் கஷ்டம் என்றாள் குணசுந்தரி. வெள்ளிக்கிழமை லேபில் வேலை குறைவு. ஞாயிறு ஆராதனைக்குள் சரியாகிவிடும்.

30 ஜனவரி, வெள்ளி

டீ வாசனையே ஆகவில்லை. அவள் சொன்னது சரி.

8 பிப்ரவரி, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று வேலை முடிந்து மீஞ்சூரில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. பஜ்ஜிக் கடையைத் தாண்டி வந்திருக்கிறேன். தாண்டியது தெரியவில்லை! பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையோடு தினம் ஒரு சண்டை. வாங்கினால் தோற்றேன், வாங்காவிட்டால் வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வருவேன். நேற்று சண்டையே இல்லை. காலையில் இட்லி தின்னும்போதே மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குரல் என் தலைக்குள் எப்போதும் உண்டு. அது எல்லாருக்கும் இருப்பதென்றும், மற்றவர்கள் அதை அடக்கத் தெரிந்தவர்கள், நான் தெரியாதவள் என்றும் நினைத்திருந்தேன்.

அப்படியானால் மற்றவர்களெல்லாம் இந்த அமைதியோடுதான் இத்தனை நாளும் இருந்தார்களா? ஒல்லியாக இருப்பவர்கள் அடக்கவே இல்லையா? அவர்களுக்கு அடக்க எதுவும் இருக்கவில்லையா?

சமையலறையில் நின்று அழுதேன். கோபம் பாதி, நன்றி பாதி. பிறகு நன்றிதான் அதிகம்.

18 பிப்ரவரி, புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், தொடங்கிவிட்டது. எங்கள் சபையில் பெண்கள் சங்கத்து வழக்கம் ஒன்று உண்டு. ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலில் பெரிய அட்டை ஒட்டுவார்கள். ஆளுக்கு ஒரு வரிசை, நாற்பது கட்டம். உபவாசம் இருந்த நாளுக்கு ஒரு சிலுவைக் குறி. ஞாயிறுதோறும் அவரவர் போட வேண்டும்.

இருபது வருஷத்து லெந்துகளிலும் என் வரிசை பத்தாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கை தானாக டப்பாவைத் திறக்கும். பலவீனம் என்று ஜெபித்தேன், பாவம் என்று அறிக்கையிட்டேன்.

இந்த வருஷம் காலியாக விடப்போகிறேன். பசிக்காதவள் சாப்பிடாமல் இருப்பதற்குப் பெயர் உபவாசம் இல்லை.

27 பிப்ரவரி, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் இன்று கிறிஸ்டினா வீட்டில். பக்கத்துத் தெரு, சபைப் பெண். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்குத் தங்கை மாதிரி. அவளும் என்னைப் போலக் கனத்த உடம்பு, மூன்று வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாள்.

நேற்றுதான் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறேன். சுண்டல் தட்டை நீட்டியபோது குமட்டிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று கையை அசைத்தேன். உடனே போதகரின் மனைவி, எங்கள் ஆயரம்மா, "விக்டோரியா உபவாசம், வற்புறுத்தாதீங்கம்மா," என்றார். போன வெள்ளியும் நான் சாப்பிடவில்லை என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

"எளைச்சிக்கீறாங்க பாருங்க அக்கா. மொகமே வேற மாதிரி கீது," என்றாள் கிறிஸ்டினா.

நான் சிரித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

11 மார்ச், புதன்

எட்வர்ட் மறுபடி பதிவு செய்திருக்கிறார். டீயோடு உட்கார்ந்து இருவரும் கேட்டோம். குறட்டை இருக்கிறது, மிளகாய் இல்லை. ஒருமுறை நின்றது. ஏழு எண்ணுவதற்குள் மூச்சு வந்துவிட்டது.

"இப்பல்லாம் நீங்க தட்டறதில்லையா?"

"தட்டாம நானும் தூங்கிட்டேன் போல. யாருக்குத் தெரியும்," என்று சிரித்தார். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருக்கிறது. ஸ்தோத்திரம். ஸ்டேஷன் பாலத்தில் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறினேன், அதற்கும்.

20 மார்ச், வெள்ளி

கிறிஸ்டினா விழுந்துவிட்டாள்.

கூட்டத்தில், ஜெபத்துக்கு எழுந்து நின்றவள் அப்படியே சாய்ந்தாள். பீரோ முனை நெற்றியில் கிழித்தது. வேர்த்து, கை நடுங்கி, என்னவோ உளறினாள். அவள் மாமியார், "காலீலருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல, மாத்திர மட்டும் போட்டுக்கினா," என்று அழுகிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், ஆட்டோ பிடித்தோம். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. நெற்றியில் நாலு தையல். நாளைக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஆட்டோவில் என் மடியில்தான் தலை. கண்ணைத் திறந்து, "ஒங்கள மாதிரி என்னால முடியலியே அக்கா," என்றாள்.

என்னை மாதிரியா? என்னை மாதிரின்னா இன்னாடீ? நான் இன்னாத்தடீ பண்ணேன்? ஊசி குத்திக்கினு உக்காந்துக்கீறேன்டீ நானு!

சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

22 மார்ச், ஞாயிறு

கிறிஸ்டினாவைப் பார்க்கப் போனேன். கட்டோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை போடுகிறவள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது என்று சொன்னேன். அதை மட்டும் உறுதியாகச் சொன்னேன்.

"நீங்க நாப்பது நாளும் தாங்கறீங்க. அட்டையில ஒரு கட்டம்கூடப் போடல. போட்டா பெருமன்னு தானே அக்கா? ஆயரம்மா அன்னிக்கே சொன்னாங்க."

என் காலிக் கட்டங்களுக்கு அப்படி ஓர் அர்த்தமா! வாயைத் திறந்தேன். அவள் மாமியார் ஹார்லிக்ஸோடு வந்தார். மூடிக்கொண்டேன்.

படி இறங்கும்போது அவள் பின்னாலிருந்து சொன்னது: "எனக்குத்தான்க்கா நாக்கு அடங்கல. சாமி நமக்குன்னு நாப்பது நாளு குடுக்கறாரு, நான்தான் பெருந்தீனிக்காரி."

இருபது வருஷம் நான் என்னைச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை.

24 மார்ச், செவ்வாய்

குணசுந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லாத. அவளுக்கு மட்டும் காதுல சொல்லிட்டு வுடு," என்றாள். பிறகு, தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே, "காதுல சொன்னா அவ மட்டும் பொழைப்பா. இன்னும் எத்தினி பேரு உன்னப் பாத்து பட்டினி கெடக்கறாளுங்களோ," என்றாள். எந்தப் பக்கம் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காப்புரிமை முடிந்து அவளுடைய மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கப்போவதாகப் பேப்பரில் வந்திருக்கிறதாம். "இனிமே என் ஊசிதான் சல்லிசு. உன் தாள்ல திருத்திக்கோ." திருத்திக்கொண்டேன். கிறிஸ்டினாவுக்கு எது ஒத்துவரும், ஒத்துவருமா என்பதையே டாக்டர் காயத்ரிதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாசல்வரை அவள் போவதற்கு, அப்படி ஒரு வாசல் இருப்பது தெரிய வேண்டுமே.

29 மார்ச், குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து ஹாலுக்குப் போனேன். என் வரிசை நிறைந்திருந்தது. பச்சை மையில் ஒழுங்காக, ஞாயிறுகள் நீங்கலாக முப்பத்துநான்கு சிலுவைகள். ஆயரம்மாவின் பேனா.

"நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும், அதான் நானே போட்டேன். நாங்கதான் கண்ணால பாத்தோமே," என்று தோளில் கை வைத்தார். நல்ல மனுஷி. என் அம்மா செத்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். "ஈஸ்டர் அன்னிக்கு சபை முன்னாடி, கர்த்தர் உங்களுக்குச் செஞ்சத நீங்கதான் சாட்சியா சொல்லணும். அஞ்சு நிமிஷம் போதும். கிறிஸ்டினா மாதிரி சோர்ந்துபோனவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

தலையாட்டினேனா? ஆட்டியிருக்கிறேன்.

31 மார்ச், செவ்வாய்

லேபுக்கு வெளியே டேங்கர் காத்திருந்தது. பிசுபிசுப்புச் சோதனை மட்டும் பாக்கி. மேனேஜர் துளசிராமன் வந்து, "போன லாட் மாதிரியே தான் மேடம் இருக்கும். நம்பரப் போட்டு கையெழுத்துப் போடுங்க, வண்டி கெளம்பட்டும்," என்றார்.

"பாத்துட்டுப் போடறேன் சார்."

நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் கதவருகே முறைத்துக்கொண்டு நின்றார். போன லாட்டின் எண்ணேதான் வந்தது.

"நான் இன்னா சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க சார். நான் பாத்தேன்."

பத்தொன்பது வருஷத்தில் பார்க்காமல் எழுதியதில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் பச்சை மை நினைவாகவே இருந்தது.

2 ஏப்ரல், வியாழன்

பத்தாவது ஊசி. எடை 88.7. செவ்வாய்க்கிழமைக்குப் பதில் இன்றைக்கு டாக்டரைப் பார்த்தேன். தசை கரையாமலிருக்க முட்டை, பருப்பு கூட்டச் சொன்னார். தினமும் கொஞ்சம் கனம் தூக்க வேண்டுமாம். எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். "பிரஷர் மாத்திரை எத்தனை நாள்னு யாரும் வெக்கப்பட்டுக் கேக்கறதில்ல. இதையும் அப்படியே பாருங்க. சேர்ந்து பாத்துப் பாத்து முடிவு பண்ணலாம்."

நான் வெட்கப்பட்டுத்தான் கேட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

கிறிஸ்டினா போனில் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம மொத பெஞ்சுல ஒக்காருவேன் அக்கா. ஒங்க சாட்சி கேக்கணும்."

3 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. மதியம் கஞ்சி கொடுத்தார்கள். எல்லாரும் பார்க்கக் குடித்தேன்.

4 ஏப்ரல், சனி

காலையில் ஆலயத்தில் பூ வைத்துவிட்டு வந்தேன். வெயில் ஏறிவிட்டது. எட்வர்ட் கூடத்தில் உட்கார்ந்து என் வெள்ளைப் புடவையை இஸ்திரி போடுகிறார். பழைய ரவிக்கை எனக்கு இப்போது தோளில் தொளதொளவென்று தொங்குகிறது, தையல் கடையில் புதிதாகத் தைக்கக் கொடுத்தது சாயங்காலம் வரும். "நாளைக்கு இன்னா பேசப் போற?" என்றார். "நன்றி சொல்லணும்," என்றேன். அது பொய் இல்லை.

அஞ்சு நிமிஷத்துக்கு எழுதிப் பார்த்தேன். நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. தோளைத் தட்டிய கைக்கு. ஓடிக்கொண்டே இருக்கும் பழைய வண்டிக்கு. என்னையும் கேட்டு முடிவெடுத்த டாக்டருக்கு. இதைக் கண்டுபிடித்த, பெயர் தெரியாத யார் யாரோ லேப்காரர்களுக்கு. தலைக்குள் இருக்கிற அமைதிக்கு. இதில் எதைச் சொன்னாலும் ஊசியைச் சொல்லாமல் சொல்ல முடியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டு நிறுத்திவிட்டேன். நாளைக்குத் தாள் வேண்டாம்.

ஆயரம்மா முகம் எப்படி ஆகும்? தெரியவில்லை. நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் பெஞ்சில் நெற்றித் தழும்போடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பெருந்தீனி இல்லை, பசி இருக்கிறது, அதற்கு மருத்துவம் இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டும். எனக்கு இருபது வருஷம் யாரும் சொல்லவில்லை.

தீர்ந்துபோன ஊசிப் பேனா ஒன்றை, முனையைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையில் சுற்றி பைபிள் பைக்குள் வைத்திருக்கிறேன். எட்வர்ட்டுக்குக் கூடத் தெரியாது. முதல் வாக்கியம் மட்டும் மனதில் இருக்கிறது: அட்டையில் என் பெயருக்கு எதிரே இருக்கும் சிலுவைகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ஆராதனை விடிகாலை நாலரைக்கு. புடவை தயாராகிவிட்டது என்று கூப்பிடுகிறார்.